எக்ஸெல் பாடம்: காரின் எடையைக் குறைத்தால் வேகம் எவ்வளவு கூடும்?

எக்ஸெல் என்றதும் சம்பளப் பட்டியல், மார்க் ஷீட், மளிகைக் கணக்கு இவைதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கணக்குகளைப் போட்டு இரண்டு நாளில் அலுத்துப் போய், அந்த ஐகானையே மறந்துவிடுகிறவர்களும் உண்டு. எனவே இந்த மாதம் கொஞ்சம் வேகமான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் கார் பைத்தியம் பிடித்த பையனோ பெண்ணோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பின் கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரை ஹாட்ச்பேக் என்கிறோம். அதே உடலில் பெரிய இன்ஜினும் இறுக்கமான ஸ்பிரிங்கும் பெரிய பிரேக்கும் பொருத்தி விற்றால் அதற்குப் பெயர் ஹாட் ஹாட்ச். ஐரோப்பாவில் இந்த வகைக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. இவர்கள் அடிக்கடி பேசும் விஷயம் எடைக் குறைப்பு. பின் சீட்டைக் கழற்று, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் போடு, கார்பன் பைபர் பானெட் மாட்டு என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். இதில் எது உண்மையில் பயன் தரும், எது வெறும் செலவு என்பதை ஸ்பேனரைத் தொடும் முன்பே ஒரு ஒர்க்ஷீட்டில் பார்த்துவிடலாம்.

உங்களிடம் மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் போதும். இரண்டிலும் பார்முலா ஒன்றுதான். செல் முகவரிகளையும் பார்முலாக்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஏ, பி, சி, டி, இ, எப், ஜி என்று வரும் இடங்களில் கீபோர்டில் ஆங்கில எழுத்தை அடிக்க வேண்டும். பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம், யூனிகோட் எழுத்துரு என்றால் சிக்கல் இல்லை.

முதல் ஒர்க்ஷீட்: டன்னுக்கு எத்தனை குதிரை?

ஏ1 செல்லில் கிளிக் செய்து "கார்" என்று டைப் செய்யுங்கள். டேப் கீயைத் தட்டினால் அடுத்த செல்லுக்குப் போகும். பி1-ல் "ஆண்டு", சி1-ல் "திறன்", டி1-ல் "எடை", இ1-ல் "டன்னுக்கு" என்று தலைப்புகளை அமையுங்கள். திறன் குதிரைத்திறனில், எடை கிலோவில். ஆனால் செல்லுக்குள் எண்ணை மட்டும்தான் டைப் செய்ய வேண்டும். "810 கிலோ" என்று அடித்தால் எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்குப் போடாது.

இரண்டாம் வரிசையில் 1976-இல் வந்த வோக்ஸ்வாகன் கோல்ப் ஜிடிஐ. திறன் 110, எடை 810. மூன்றாம் வரிசையில் 1984-இல் வந்த பியூஜோ 205 ஜிடிஐ, 105 மற்றும் 850. இந்த இரண்டையும் ஹாட் ஹாட்ச் குடும்பத்தின் பெரியவர்கள் என்று சொல்லலாம். நாலாவது வரிசையில் பிரான்ஸ் நாட்டு ரெனோ நிறுவனத்தின் மெகான் ஆர்26, ஆண்டு 2006, திறன் 230, எடை 1343. ஐந்தாவது வரிசையில் அதே காரின் உடல் மெலிந்த தம்பியான மெகான் ஆர்26.ஆர், ஆண்டு 2008, திறன் 230, எடை 1220.

நம் பாடத்தின் கதாநாயகன் இந்த ஐந்தாவது வரிசைக் கார்தான். ஆர்26.ஆர் காரில் ரெனோ இன்ஜினைத் தொடவில்லை. அதே இரண்டு லிட்டர் டர்போ, அதே 230 குதிரைத்திறன். எடையை மட்டும் 123 கிலோ குறைத்தார்கள். பின் சீட்டும் அதன் பெல்ட்டுகளும் போயின. சத்தம் உள்ளே வராமல் தடுக்கும் பஞ்சும் தாரும் போயின. பின்புறக் கண்ணாடிகளுக்குப் பதில் பாலிகார்பனேட் வந்தது. பானெட் கார்பன் பைபரில் வந்தது. முன் சீட்டுகள் கார்பன் ஓடு கொண்ட பந்தய சீட்டுகளாயின. ஓட்டுநருக்கு முன்னால் உள்ளதைத் தவிர மற்ற ஏர்பேக்குகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரே கார், ஒரே இன்ஜின், எடையில் மட்டும் வித்தியாசம் என்பதால் நம் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்போது இ2 செல்லில் கிளிக் செய்து இந்தப் பார்முலாவை அடியுங்கள்:

=சி2/டி2*1000

என்டர் தட்டினால் 135.8 என்று விடை வரும். புள்ளிக்குப் பின் நிறைய எண்கள் வந்தால் ஹோம் டேபில் உள்ள "டிக்ரீஸ் டெசிமல்" பட்டனைத் தட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இதே பார்முலாவை மூன்று முறை திரும்ப அடிக்க வேண்டாம். இ2 செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரிகிறதா? அதன் மேல் மவுஸ் பாயின்டரைக் கொண்டு போனால் பாயின்டர் மெல்லிய கூட்டல் குறியாக மாறும். அப்படியே அழுத்திப் பிடித்து இ5 வரை இழுத்து விடுங்கள். முறையே 123.5, 171.3, 188.5 என்று விடைகள் நிரம்பிவிடும். சி2 என்பது கீழே போகப் போக சி3, சி4, சி5 என்று தானாக மாறிக்கொள்கிறது.

கடைசி இரண்டு விடைகளைப் பாருங்கள். எடை 9.2 சதவீதம் குறைந்திருக்கிறது, டன்னுக்கான திறன் 10.1 சதவீதம் கூடியிருக்கிறது. குறைந்தது ஒரு அளவு, கூடியது வேறு அளவா என்று குழம்ப வேண்டாம். எடையைப் பாதியாக்கினால் குறைவது 50 சதவீதம், ஆனால் டன்னுக்கான திறன் இரண்டு மடங்காகி 100 சதவீதம் கூடும் அல்லவா? வகுக்கும் எண்ணைக் குறைக்கும்போது எப்போதும் இப்படித்தான் வரும்.

காரில் ஆள் உட்கார வேண்டாமா?

மேலே போட்ட கணக்கில் ஒரு குறை இருக்கிறது. ஆளில்லாத காரின் எடைக்குப் போட்டிருக்கிறோம். எப்1 செல்லில் "ஆட்கள் எடை" என்றும் ஜி1 செல்லில் 75 என்றும் டைப் செய்யுங்கள். பிறகு இ2 செல்லுக்குப் போய் பார்முலாவை இப்படி மாற்றுங்கள்:

=சி2/(டி2+$ஜி$1)*1000

டாலர் குறி எதற்கு? கீழே இழுக்கும்போது செல் முகவரிகள் ஒவ்வொன்றாக நகரும் என்று பார்த்தோம். டாலர் போடாவிட்டால் ஜி1 என்பது அடுத்த வரிசையில் ஜி2 ஆகிவிடும். ஜி2-ல் ஒன்றும் இல்லை. எக்ஸெல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஒரு விடையைக் காட்டிவிடும். தவறு என்று எந்தச் சிவப்பு எழுத்தும் வராது, அதுதான் ஆபத்து. டாலர் குறி அந்த முகவரியை ஆணி அடித்தாற்போல் நிறுத்தி வைக்கிறது. பார்முலாவில் ஜி1-ஐ அடித்தவுடன் எப்4 கீயைத் தட்டினால் இரண்டு டாலரும் தானாக விழும். சில லேப்டாப்களில் கீழே உள்ள எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

மறுபடியும் இ5 வரை இழுத்தால் விடைகள் 124.3, 113.5, 162.2, 177.6 என்று மாறும். இப்போது ஜி1-ல் 75-ஐ அழித்து 150 என்று போடுங்கள், அதாவது பக்கத்தில் ஒரு நண்பரை ஏற்றுகிறோம். நான்கு விடைகளும் ஒரே நொடியில் மாறுகின்றன. கோல்ப் 124.3-லிருந்து 114.6-க்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட 8 சதவீத இழப்பு. ஆர்26.ஆர் 177.6-லிருந்து 167.9-க்கு இறங்குகிறது, இழப்பு 5.5 சதவீதம்தான். எடை குறைந்த காரில் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு அதிகம். அந்தக் காலத்து 810 கிலோ கோல்ப் இன்றைக்கும் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் கழற்றி எறிய அதிகம் ஒன்றும் இல்லை, ஆரம்பத்திலேயே இளைத்துப் பிறந்த கார்.

வேறு கார்களின் எண்களைத் தேடி இந்தப் பட்டியலில் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய அளவு முறை ஒன்றில் காரின் எடையிலேயே 75 கிலோ சேர்த்துச் சொல்வார்கள். ஓட்டுநருக்கு 68, பெட்டி படுக்கைக்கு 7. வேறு முறையில் ஆளைச் சேர்ப்பதில்லை. எந்த முறை என்று பார்க்காமல் இரண்டு காரை ஒப்பிட்டால் 75 கிலோ காற்றில் போய்விடும்.

சரி, 150-ஐ மறுபடி 75 ஆக்கிவிடுங்கள். கணக்கு நிஜத்தோடு ஒத்துப் போகிறதா என்று சோதிப்போம். பழைய ஆர்26 நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 6.5 விநாடி என்று நிறுவனம் அறிவித்தது. இன்ஜின் ஒன்றே என்பதால் எடை குறைந்த அளவுக்கு நேரமும் குறைய வேண்டும். காலியாக உள்ள ஒரு செல்லில் இப்படி அடியுங்கள்:

=6.5*(டி5+ஜி1)/(டி4+ஜி1)

விடை 5.94. ஆர்26.ஆர் காருக்கு ரெனோ அறிவித்த நேரம் 6.0 விநாடி! நான்கு செல்லில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை. ஆனால் உச்ச வேகத்துக்கு இதே பார்முலாவைப் போடாதீர்கள். இரண்டு காரும் மணிக்கு 235 கி.மீ. சுற்றில்தான் நின்றுவிடுகின்றன. அந்த வேகத்தில் காரைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. காற்றுக்குக் காரின் எடை தெரியாது, முகமும் வடிவமும்தான் தெரியும்.

கோல் சீக்: விடையிலிருந்து கேள்விக்கு

எடையைக் குறைக்காமல் இன்ஜின் திறனைக் கூட்டியே இந்த 177.6-ஐப் பிடிக்க வேண்டுமானால் எத்தனை குதிரை வேண்டும்? ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எக்ஸெலில் டேட்டா டேபைக் கிளிக் செய்து "வாட் இப் அனாலிசிஸ்" என்பதைத் திறந்தால் "கோல் சீக்" என்று ஒன்று இருக்கும். கால்க் புரோகிராமில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. சிறிய பெட்டி ஒன்று திறக்கும். முதல் கட்டத்தில் இ4, இரண்டாவது கட்டத்தில் 177.6, மூன்றாவது கட்டத்தில் சி4 கொடுத்து ஓகே தட்டுங்கள். சி4 செல்லில் எண்கள் துடித்து 251.8-ல் வந்து நிற்கும்.

அதாவது 123 கிலோ குறைத்தது இன்ஜினில் 22 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். பார்த்த பிறகு கேன்சல் தட்டுங்கள், பழைய 230 திரும்பி வந்துவிடும். கால்க் என்றால் விடையைச் செல்லில் எழுதட்டுமா என்று கேட்கும், நோ கொடுங்கள்.

22 குதிரைதானே, இன்ஜினில் ஏதாவது செய்து கூட்டிவிடலாமே என்று கார் மெக்கானிக் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பிரேக்கில் இருக்கிறது. எப்3-ல் "பிரேக் வெப்பம்" என்று தலைப்பு போட்டு, எப்4-ல் இதை அடித்து எப்5-க்கு இழுங்கள்:

=0.5*(டி4+$ஜி$1)*(100/3.6)^2/1000

மேல்நோக்கிய அம்புக் குறியை ஷிப்ட் கீயுடன் 6-ஐ அழுத்திப் பெறலாம். 100-ஐ 3.6-ஆல் வகுப்பது மணிக்குக் கிலோமீட்டரை விநாடிக்கு மீட்டராக்க. விடைகள் 547, 500. இது கிலோஜூல் அளவு. 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் தட்டுகள் வாங்கிக்கொள்ள வேண்டிய வெப்பம் ஏறத்தாழ இவ்வளவு. இளைத்த கார் ஒவ்வொரு பிரேக்குக்கும் 47 கிலோஜூல் மிச்சம் பிடிக்கிறது. ஒரே ஒரு முறை பிரேக் போட்டால் நிற்கும் தூரத்தில் பெரிய மாற்றம் தெரியாது, ஏனென்றால் அதை முடிவு செய்வது டயரின் பிடிப்பு. பத்து வளைவுக்குப் பத்து முறை அழுத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும். கனமான காரின் பிரேக் சூடேறிச் சோர்ந்து போயிருக்கும். கூடுதல் குதிரைத்திறன் வேகம் எடுக்கும்போது மட்டும் உதவுகிறது. குறைந்த எடை வேகம் எடுக்கவும் நிற்கவும் திரும்பவும் உதவுகிறது.

நேரத்தை டைப் செய்யும்போது கவனம்

ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்குச் சுற்று இந்தக் கார்களுக்குப் பரீட்சை ஹால் மாதிரி. 2008-இல் ஆர்26.ஆர் அங்கே ஒரு சுற்றை 8 நிமிடம் 17 விநாடியில் முடித்தது. முன்சக்கர இயக்கம் கொண்ட விற்பனைக் கார்களில் அது அப்போது சாதனை. அந்த நாளில் நேரம் எடுக்கப்பட்டது 20.6 கி.மீ. தூரத்துக்கு. சராசரி வேகம் என்ன?

புதிய ஒர்க்ஷீட் எடுக்கக் கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்யுங்கள். ஏ2-ல் காரின் பெயர், பி2-ல் நேரம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 8:17 என்று அடித்தால் எக்ஸெல் அதைக் காலை எட்டு மணி பதினேழு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 0:08:17 என்று மணி, நிமிடம், விநாடி மூன்றையும் அடிக்க வேண்டும். எக்ஸெல் தன் மனதுக்குள் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. நண்பகல் 12 மணி என்றால் 0.5. அதனால் 24-ஆல் பெருக்கினால் மணிக் கணக்கு கிடைக்கும். சி2-ல் அடியுங்கள்:

=20.6/(பி2*24)

விடை 149.2 கி.மீ. விடை நேரம் போலத் தெரிந்தால் செல்லை ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் போய் "நம்பர்" என்று மாற்றுங்கள்.

அடுத்த வரிசையில் 2019-இல் வந்த மெகான் டிராபி-ஆர். அதே சிந்தனையின் பேரப்பிள்ளை. 300 குதிரைத்திறன், 130 கிலோ குறைப்பு, பின் சீட் கிடையாது. பின் சக்கரங்களையும் திருப்பும் நவீன அமைப்பையே தூக்கி எறிந்து அதில் மட்டும் 38 கிலோ குறைத்தார்கள். புதிதாக வந்த தொழில்நுட்பத்தை எடைக்காக வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பிடித்த முடிவு. அதே 20.6 கி.மீ. தூரத்துக்கு அதன் நேரம் 0:07:40.1. பார்முலாவை இழுத்தால் 161.2.

கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

மூன்றாவது ஒர்க்ஷீட் சின்னது, ஆனால் என்னிடம் கேட்டால் இதுதான் மிகவும் பயனுள்ளது. ஒரு தகட்டின் எடையைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். பரப்பைச் சதுர மீட்டரிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் அளந்து இரண்டையும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். அதை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ. அடர்த்தி கண்ணாடிக்கு 2.5, பாலிகார்பனேட்டுக்கு 1.2, இரும்புத் தகட்டுக்கு 7.85, அலுமினியத்துக்கு 2.7, கார்பன் பைபர் தகட்டுக்குச் சுமார் 1.6. பி, சி, டி காலம்களில் பரப்பு, கனம், அடர்த்தி போட்டு, இ2-ல் =பி2*சி2*டி2 என்று அடித்துக் கீழே இழுங்கள்.

உதாரணத்துக்கு 0.6 சதுர மீட்டர், 3.5 மி.மீ. கனமுள்ள பின் கண்ணாடி என்றால் 5.25 கிலோ. அதே அளவில் பாலிகார்பனேட் 2.52 கிலோ. பானெட்டின் வெளித்தகடு 1.4 சதுர மீட்டர், 0.7 மி.மீ. இரும்பு என்றால் 7.7 கிலோ. 1 மி.மீ. அலுமினியம் என்றால் 3.8, 1 மி.மீ. கார்பன் என்றால் 2.2. மற்ற இரண்டுக்கும் கனம் கூடுதலாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. அலுமினியம் இரும்பை விட எளிதில் வளையும், அதே கனத்தில் போட்டால் கை ஊன்றினாலே பள்ளம் விழும். கார்பன் தகட்டை அந்த அளவுக்கு மெலிதாகப் போட்டாலும் பானெட் துவளும்.

பார்த்தீர்களா, படம் எடுத்துக் காட்டும்போது அழகாகத் தெரியும் பானெட்டிலும் கண்ணாடியிலும் கிடைப்பது சில கிலோதான். கனம் எல்லாம் சீட்டிலும் அதன் இரும்புச் சட்டத்திலும் தரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாரிலும் இருக்கிறது.

நான்காவது ஒர்க்ஷீட்: கிலோவுக்கு எத்தனை ரூபாய்?

என் அண்ணன் மகன் ஒருவன் புதிதாக வேலைக்குப் போனவன், செகண்ட் ஹேண்டில் ஒரு ஹாட்ச்பேக் வாங்கினான். 1050 கிலோ, 100 குதிரை. ஹாட் என்று சொல்ல முடியாது, வெதுவெதுப்பு என்று சொல்லலாம். கார்பன் பானெட்டும் லேசான அலாய் வீலும் போடப் போவதாகச் சொன்னான். கடைக்காரர் சொன்ன விலை இரண்டும் சேர்ந்து 77,000 ரூபாய். பந்தயக் காரில் எடுக்கிறார்களே, ஏர்பேக்கையும் எடுத்துவிடலாமா என்றும் கேட்டான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிட்டு இந்த ஒர்க்ஷீட்டைப் போட்டோம்.

ஏ காலத்தில் பொருள், பி-ல் கிலோ, சி-ல் ரூபாய், டி-ல் கிலோவுக்கு ரூபாய், இ-ல் முடிவு. எடை பார்க்க வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷினே போதும். பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். முழுக் காருக்கு லாரிகள் போகும் எடை மேடை இருக்கிறது. ஆனால் அது ஐந்து பத்து கிலோ வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது, சில்லறைச் சாமான்களுக்கு உதவாது.

டிக்கியில் கிடந்த டூல் பாக்ஸ், தண்ணீர் கேன், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் 31 கிலோ, செலவு 0. டேங்கை நிரப்பாமல் 20 லிட்டர் குறைவாக வைத்தால் 15 கிலோ, செலவு 0. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.75 கிலோ. பின் சீட் 22 கிலோ. ஸ்டெப்னி 13 கிலோ. பக்கத்து சீட் ஏர்பேக் அதன் சட்டத்தோடு 3 கிலோ என்று எடுத்துக்கொண்டோம், அதைத் தொட விடவில்லை. வெடிமருந்து உள்ள பொருள் அது. அலாய் வீல் நான்கும் சேர்ந்து 8 கிலோ குறையும், 32,000 ரூபாய். பானெட் 6 கிலோ குறையும், 45,000 ரூபாய்.

டி2-ல் =சி2/பி2 அடித்து இழுத்தால் வீல் கிலோவுக்கு 4,000, பானெட் கிலோவுக்கு 7,500 என்று வந்தது. கிலோ காலத்தைக் காலியாக விட்டால் டிவ் என்றும் பூஜ்யம் என்றும் ஒரு பிழைச் செய்தி வரும். பூஜ்யத்தால் வகுக்காதே என்று எக்ஸெல் திட்டுகிறது, அவ்வளவுதான். இனி மலிவானது மேலே வரும்படி அடுக்க வேண்டும். தலைப்போடு முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் "சார்ட்" கொடுத்து டி காலத்தைச் சுட்டுங்கள். டி காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் பானெட்டின் விலை தண்ணீர் கேனுக்குப் போய்விடும். எக்ஸெல் அப்போது தேர்வை விரிக்கட்டுமா என்று கேட்கும், ஆம் என்றே சொல்லுங்கள்.

வீலைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் பத்து கிலோ குறைத்ததற்குச் சமம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சுழலும் பொருளை உருட்டுவதற்கும் சக்தி வேண்டும் என்பது உண்மை. ஆனால் டயரின் வெளி விளிம்பிலேயே அந்தக் கிலோ இருந்தாலும் வேகம் எடுக்கும் கணக்கில் அது இரண்டு கிலோவுக்கு மேல் ஆகாது. ரிம் அதற்கும் உள்ளே இருக்கிறது. வீலின் 8 கிலோவைத் தாராளமாக 16 என்று போட்டாலும் கிலோவுக்கு 2,000 ரூபாய்.

இ காலத்தில் ஒவ்வொன்றுக்கும் "சரி" அல்லது "வேண்டாம்" என்று எழுதினோம். பின் சீட், ஸ்டெப்னி, ஏர்பேக் மூன்றுக்கும் வேண்டாம். ரெனோ அந்தக் காரை இரண்டு பேர் காராகவே தயாரித்து, ஆறு முனை பெல்ட்டும் ஓடு சீட்டும் வைத்து விற்றது. நம் வீட்டுக் காரில் ஏர்பேக்கை மட்டும் எடுப்பது அதற்கு ஈடாகாது. தவிர, இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் அதில் உள்ள விவரம்தான்.

ஜி1-ல் காரும் ஆளும் சேர்ந்த எடை 1142. இளைஞருக்கு 92 கிலோ. ஜி2-ல் 100 கி.மீ. வேகத்தை எட்டச் சுமார் 11 விநாடி என்று வைத்துக்கொண்டு 11. ஜி3-ல், சரி என்று எழுதியதை மட்டும் கூட்ட:

=சம்இப்(இ2:இ8,"சரி",பி2:பி8)

சம்இப் என்பதை எஸ், யு, எம், ஐ, எப் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளாக அடிக்க வேண்டும். கால்க் புரோகிராமில் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கலாம். விடை 60. ஜி4-ல்:

=ஜி2*(ஜி1-ஜி3)/ஜி1

10.42 விநாடி என்று வந்தது. இப்போது வீல், பானெட் இரண்டுக்கும் "சரி"யை "வேண்டாம்" என்று மாற்றினோம். ஜி3 உடனே 46 ஆனது, ஜி4 10.56 ஆனது. அதாவது 77,000 ரூபாய் வாங்கித் தருவது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு. டிக்கியைக் காலி செய்து டேங்கைப் பாதியாக வைத்ததற்கு ஒரு பைசா செலவில்லாமல் அதைப் போல மூன்று மடங்கு கிடைத்துவிட்டது.

அவன் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சித்தப்பா, கீழே இன்னொரு வரிசை சேர்க்கலாமா?" என்று கேட்டு, தானே ஒன்பதாவது வரிசையில் "நான்" என்றும் பி காலத்தில் 17 என்றும் டைப் செய்தான். சி காலத்தில் பூஜ்யம். பார்முலாவில் இ8, பி8 என்று இருப்பதை இ9, பி9 ஆக்கினால்தான் புதிய வரிசை கூட்டலில் சேரும் என்பதை அப்போது காட்டிக் கொடுத்தேன். பானெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு போட்டுக்கொண்டான்.

பைலை சேவ் செய்யும்போது ஒவ்வொரு ஒர்க்ஷீட்டின் டேபையும் டபுள் கிளிக் செய்து "ஒப்பீடு", "சுற்று", "தகடு", "செலவு" என்று பெயர் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது ஷீட்1, ஷீட்2 என்று இருந்தால் எதில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியாது.